சம்பந்தியம்மாவும் அரை நிமிஷமும்

புரட்டாசிச் சனிக்கிழமை எங்கள் வீட்டில் பெருமாளுக்கு மாவிளக்கு. பச்சரிசி மாவை வெல்லம் போட்டுப் பிசைந்து உருட்டி, நடுவில் கட்டைவிரலால் குழித்து, நெய் ஊற்றித் திரி போட வேண்டும். விளக்கேற்றிக் கும்பிட்டு முடிக்கிற வரை பச்சைத் தண்ணீர் பல்லில் படக்கூடாது. கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து ஏழரை மணிக்குள் பூஜையை முடித்துவிட்டு இட்லித் தட்டோடு உட்கார்ந்துவிடுகிறவள் நான். பசி வந்தால் எனக்குக் கோபமும் கூடவே வரும் என்பதால் பூஜையைத் தள்ளிப்போடச் சொல்லி வீட்டில் யாரும் வாய் திறந்ததில்லை. அந்த ஒரு சனிக்கிழமை மட்டும் நானே பெருமாளைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளச் சொன்னேன். ஏழரைக்கு ஆட்டம் ஆரம்பம்.

ஆட்டம் என்றால் கிரிக்கெட் இல்லை, பேஸ்பால். அமெரிக்காவின் மேற்குக் கரையில் என் மகள் குடியிருக்கும் ஊரின் டீம். அங்கே வெள்ளிக்கிழமை சாயங்காலம் விளக்குப் போட்டு ஆடுகிறார்கள் என்றால் இங்கே பீளமேட்டில் எங்களுக்குச் சனிக்கிழமை விடிந்து பால் பாக்கெட் வந்திருக்கும். சீசன் முடிகிற வாரம் அது. அன்றைக்கு ஜெயித்தால் அடுத்த சுற்றுக்குப் போக வழி இருக்கிறது, தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். எனக்கு அந்த டீம் ஜெயித்தே ஆக வேண்டியிருந்தது. காரணம், என் சம்பந்தியம்மா, அதாவது மகளுடைய மாமியார், அங்கே ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து அந்த ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை அவருக்கு இருதயத்தில் ஆபரேஷன். இலேசான ஆபரேஷன் இல்லை என்று டாக்டர்கள் முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள்.

சம்பந்தியம்மாவை முதலில் பார்த்தது கல்யாணத்தின்போது. வெள்ளைக்காரப் பெண்மணி, என்னைவிட ஒரு சாண் உயரம், பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். கணவர் இறந்து வெகு காலமாகிவிட்டது. ஒரே பையன், எங்கள் மாப்பிள்ளை. முகூர்த்தத்துக்கு நான் எடுத்துக் கொடுத்த பட்டுப்புடவையை அழகாகக் கட்டிக்கொண்டு வந்தவர், வரவேற்புக்கு அதே புடவைக்கு மேல் தன் டீம் தொப்பியையும் போட்டுக்கொண்டு வந்து நின்றார். என் நாத்தனார்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. பிறகு விசாரித்தால், அன்றைக்கு அங்கே முக்கியமான ஆட்டமாம், தொப்பியைக் கழற்றினால் தோற்றுவிடுவார்களாம். வெள்ளிக்கிழமை வீட்டை விட்டுப் பணம் கொடுக்காத, கிளம்புகிறவரைப் பார்த்து "எங்கே" என்று கேட்காத குடும்பத்தில் பிறந்தவள் நான். அந்த நிமிஷமே அவர் எனக்குப் புரிந்துவிட்டார்.

ஆட்டம்தான் புரியவில்லை. போன வருஷம் நானும் என் வீட்டுக்காரரும் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது சம்பந்தியம்மா எங்களை மைதானத்துக்கே கூட்டிக்கொண்டு போனார். நான் எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டு போனேன். மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். ஒருவன் எறிகிறான், இன்னொருவன் காற்றை அடிக்கிறான், மற்றவர்கள் எல்லாரும் எதையோ மென்று துப்பிக்கொண்டு நிற்கிறார்கள். "இதுக்குக் காசு குடுத்து வேற வந்திருக்கறாங்களா?" என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். அவர் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். சம்பந்தியம்மா எலுமிச்சை சாதம் முழுவதையும் ரசித்துச் சாப்பிட்டார். அதனால் அந்த நாள் வீண் என்று சொல்ல மாட்டேன்.

என் வீட்டுக்காரர் வேலை செய்தது ஒரு மோட்டார் பம்பு கம்பெனியின் விற்பனைப் பிரிவில். காலையில் கோயமுத்தூரில் கிளம்பி அவிநாசிக் கடைகளைப் பார்த்துவிட்டு, பெருந்துறை போய், அங்கிருந்து வெள்ளகோவில் வந்து, பொழுது சாய வீடு திரும்புவது அவருடைய லைன். அன்று இரவு மகள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நாலு டம்ளரை நாலு மூலையில் வைத்து எனக்கு ஆட்டத்தைச் சொல்லிக் கொடுத்தார்.

"இத பாரு அம்மணி. இது ஊடு. பந்தை அடிச்சுப்போட்டு ஊட்டுல இருந்து ஓடறான். மொதல்ல அவிநாசி. அப்பறம் பெருந்துறை. அப்பறம் வெள்ளகோவில். அங்கிருந்து கெளம்பி திரும்ப ஊடு வந்து சேந்தாத்தான் ஒரு ரன்னு. நடுவுல எங்க நின்னாலும் பிரயோசனமில்ல."

"நீங்க வெள்ளகோவில்ல பஸ்ஸ உட்டுப்போட்டு நின்னீங்களே, அது மாதிரி?"

"அதே மாதிரிதான்," என்றார் கொஞ்சம் ரோஷத்தோடு.

அதற்குப் பிறகு எனக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை. மகள் மொழிபெயர்த்துச் சொன்னதும் சம்பந்தியம்மா சிரித்து, அந்த ஊர்ப் பெயர்களை ஒரு காகிதத்தில் எழுதி வாங்கிக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிக்கொண்டார். மூன்றாவது பேஸில் ஆள் நின்றால் இன்றும் அவர் "வெல்லாகோவில்" என்றுதான் சொல்வார்.

நாங்கள் ஊர் திரும்பியபின் இந்த வருஷம் சீசன் ஆரம்பித்ததும் ஒரு பழக்கம் உண்டாயிற்று. ஆட்டம் உள்ள நாளில் காலை வேலையை முடித்துவிட்டுச் சாப்பாட்டு மேசையில் டேப்லெட்டைச் சொம்பில் சாய்த்து வைப்பேன். அந்தப் பக்கம் சம்பந்தியம்மா, பக்கத்தில் மாப்பிள்ளை, எப்போதாவது மகள். அவர்கள் லேப்டாப்பில் ஆட்டம் ஓடும். எங்களுக்கு அது தெரியாது. அதன் சத்தமும் அவர்களுடைய முகங்களும்தான் தெரியும். எனக்கு அது போதும். என் வீட்டுக்காரருக்குப் போதவில்லை. போனில் ஸ்கோர் ஆப் ஒன்றை இறக்கிக்கொண்டார். ஒவ்வொரு பந்துக்கும் அதில் ஒரு புள்ளி விழும், பக்கத்தில் என்ன ஆயிற்று என்று ஒரு வரி வரும்.

ஒரு நாள் அந்தப் போனைப் பார்த்து அவர், "அடிச்சுப்போட்டான்," என்று துள்ளினார். நானும் கை தட்டினேன். அந்தப் பக்கம் இருவரும் எங்களைப் பார்த்து விழித்தார்கள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அங்கே பந்து பறந்தது. எங்கள் புள்ளி அவர்களுடைய படத்தைவிட அரை நிமிஷம் முந்தி வந்துவிடுகிறது. ஆட்டம் நடக்கும் ஊரிலேயே இருக்கிறவர்களுக்கு முன்னால் பீளமேட்டுக்குச் சேதி தெரிந்துவிடுகிறது. மாப்பிள்ளைக்கு முகம் தொங்கிப்போயிற்று. சாதுவான பையன். மகள்தான் பிடித்துக்கொண்டாள். என் வாய் அவளுக்கு அப்படியே வந்திருக்கிறது.

"அப்பா, அந்த ஆப்பை முதல்ல எடுங்க. மூணு மணி நேரம் உக்காந்து பாக்கறவங்களுக்கு முடிவை முன்னாடியே சொல்றதா? அம்மா, நீயும் சேர்ந்துக்கிட்டு ஆடறே."

எடுத்துவிட்டோம் என்று சொன்னோம். எடுக்கவில்லை. போன் மேசைக்குக் கீழே, அவர் மடிக்குப் போயிற்று. அவர் பார்ப்பார், நான் அவரைப் பார்ப்பேன். முகத்தில் ஒன்றும் காட்டக்கூடாது என்று எங்களுக்குள் ஒப்பந்தம். ஒரு மாதத்தில் அதில் தேர்ந்துவிட்டோம் என்று நினைத்தேன். கல்யாண வீட்டில் பிடிக்காத சம்பந்தத்தைப் பற்றிப் பேசும்போதுகூட முகம் மாறாமல் "நல்ல எடமுங்க" என்று சொல்லிப் பழகிய ஊர்க்காரர்கள் நாங்கள். இது என்ன பிரமாதம்.

ஆவணி கடைசியில் ஒரு நாள் மகள் கூப்பிட்டாள். போனை எடுத்ததும் "ஏன் இவ்வளவு நேரம்" என்றோ, "கேமராவைக் கூரைக்குக் காட்டாதே" என்றோ சண்டையோடு தொடங்குகிறவள், அன்றைக்கு, "அம்மா, சாப்டியா?" என்று இதமாகக் கேட்டாள். இவள் இதமாகப் பேசினால் ஏதோ கெட்ட சேதி என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. சம்பந்தியம்மாவுக்கு மூச்சு வாங்குகிறது, படியேற முடியவில்லை, வால்வு கெட்டுப்போயிருக்கிறது, உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொல்கிறார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். நான் கேட்டுக்கொண்டே அடுப்பு மேடையைத் துடைத்தேன். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தேன்.

அதற்கப்புறமும் சம்பந்தியம்மா ஆட்டத்தை விடவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்தே, மூக்கில் குழாயோடு, தலையில் தொப்பியோடு பார்த்தார். "இந்த வருஷம் இவர்கள் அடுத்த சுற்றுக்குப் போய்விட்டார்கள் என்றால், நான் நிம்மதியாகக் கத்திக்குக் கீழே படுத்துக்கொள்வேன்," என்று ஒரு நாள் சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் இங்கிலீஷில் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன். கணவர் இருந்த காலத்தில் இருவரும் ரேடியோவில் கேட்ட டீம் அது. அவர் போனபின் பையனை மடியில் வைத்துக்கொண்டு கேட்ட டீம். கடைசி வாரத்தில் வாய்ப்பு இருப்பது அபூர்வம். அதுவும் இந்த வருஷம் பார்த்து வந்திருக்கிறது.

ஆக, அந்தச் சனிக்கிழமை. மாவைப் பிசைந்து விளக்குகளைத் தட்டில் வைத்து, திரியும் போட்டு, ஏற்றாமல் விட்டேன். பூஜை அலமாரி சாப்பாட்டு மேசைக்கு எதிர்ச்சுவரிலேயே இருப்பதால் பெருமாளும் நாங்களும் ஒரே அறையில்தான். டேப்லெட்டில் சம்பந்தியம்மா தட்டைப் பார்த்துவிட்டு, "யாருக்குப் பிறந்தநாள்?" என்றார். கேக் என்று நினைத்துவிட்டார். இங்கிலீஷ் கேட்டால் எனக்குப் புரியும், மாவிளக்கை விளக்கிச் சொல்லும் அளவுக்கு வராது. "சாமிக்கு," என்றேன். "என் வாழ்த்தையும் சொல்லிவிடுங்கள்," என்றார்.

தொடக்கமே சரியில்லை. முதல் இன்னிங்ஸிலேயே எதிராளிகள் இரண்டு பேர் ஊர் சுற்றி வீடு வந்து சேர்ந்துவிட்டார்கள். நம் ஆட்கள் அவிநாசியைத் தாண்டவில்லை. எனக்குப் பசி ஒரு பக்கம். என் வீட்டுக்காரர் மடியைப் பார்த்துப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

"ஏனுங்க, மூச்சு உடறதுன்னா வெளிய போயி உட்டுப்போட்டு வாங்க."

"நானென்ன வேணும்னா உடறேன்? அந்தப் பையன் பந்து போடற லட்சணம் அப்பிடி."

நாலாவது இன்னிங்ஸில் ஒரு ரன், ஆறாவதில் இரண்டு. மூன்றுக்கு இரண்டு என்று நாம் முந்தினோம். அந்த அரை நிமிஷங்களில் நான் எப்படியெல்லாம் சமாளித்தேன் என்று எனக்குத்தான் தெரியும். சந்தோஷத்தை அடக்கினால் எனக்கு அது கோபமாகத்தான் வெளியே வரும். பேப்பரை மேசையிலேயே போட்டதற்கு அவரைத் திட்டினேன். காற்றாடியை நிறுத்தாததற்குத் திட்டினேன். அவரும் ஒப்பந்தப்படி வாயைத் திறக்காமல் வாங்கிக்கொண்டார். அப்புறம் அந்தப் பக்கம் மாப்பிள்ளை "யே" என்று எழுந்ததும் நாங்களும் புதிதாகக் கேட்பதுபோல் கை தட்டினோம். சம்பந்தியம்மா கட்டிலில் இருந்தபடி என்னைப் பார்த்துச் சிரித்தார். எவ்வளவு அருமையாக நடிக்கிறோம் என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

எட்டாவதில் எதிராளி ஒருவன் பந்தை மைதானத்துக்கு வெளியே அடித்தான். முன்னாலேயே பேஸில் ஒருவன் நின்றிருந்ததால் இரண்டு ரன். நாலுக்கு மூன்று, நாம் பின்னால். என் வீட்டுக்காரரின் தோள் இறங்கியது. நான் டேப்லெட் பக்கம் திரும்பி, "சம்பந்தியம்மா, சாப்டீங்களா?" என்றேன். எங்களிடமிருந்து அவர் கற்றுக்கொண்ட முதல் தமிழ் வார்த்தை அது. "சாப்டேன், சாப்டேன்," என்று தமிழிலேயே சொன்னார். சொல்லிவிட்டுத் தொப்பியைச் சரி செய்துகொண்டார். அதன்பின் அங்கே பந்து பறந்தது.

ஒன்பதாவதுதான் கடைசி இன்னிங்ஸ். நம் ஆட்கள் அடிக்கிற முறை. மணி பத்தைத் தாண்டிவிட்டது. அதற்குமேல் பெருமாளைக் காக்க வைக்க எனக்குத் தைரியம் இல்லை. எழுந்து போய் மாவிளக்கை ஏற்றினேன். கற்பூரம் காட்டினேன். "கோவிந்தா" என்றேன். மேசையிலிருந்து என் வீட்டுக்காரரும் மடியிலிருந்து கண்ணை எடுக்காமலே "கோவிந்தா" என்றார். வேறு நாளாக இருந்தால் அதற்கே ஒரு சண்டை நடந்திருக்கும்.

என்ன வேண்டிக்கொள்வது என்று தெரியாமல் நின்றேன். ஆபரேஷனைப் பற்றிக் கேட்க வாய் வரவில்லை. எங்கள் பக்கம் கெட்டதைப் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டோம். விளக்கு அணைந்தால்கூட மலையேறிவிட்டது என்றுதான் சொல்வோம். பிழைக்க வை என்று கேட்டால் பிழைக்காமல் போவது என்று ஒன்று இருப்பதாக நானே ஒப்புக்கொண்டதுபோல் ஆகிவிடுமே. அதனால் பெரியதைக் கேட்கப் பயந்துகொண்டு சின்னதைக் கேட்டேன். "சாமி, இந்த ஆட்டத்தை மட்டும் ஜெயிச்சுக் குடுத்திரு." பெருமாளுக்குப் பேஸ்பால் தெரியுமா என்று நான் யோசிக்கவில்லை. அவர் பார்க்காத ஆட்டமா.

திரும்பி வந்து உட்கார்ந்தேன். முதலில் வந்தவன் அவுட். இரண்டாமவன் ஓங்கி அடித்து ஒரே ஓட்டமாகப் பெருந்துறை போய்விட்டான். "ஏனுங்க, காலை ஆட்டாதீங்க, மேசை ஆடுது," என்று அவரைப் பிடித்துக்கொண்டேன். மூன்றாமவன் அவுட் ஆனாலும் அந்தச் சாக்கில் பெருந்துறைக்காரன் வெள்ளகோவில் சேர்ந்துவிட்டான். அந்தப் பக்கம் சம்பந்தியம்மா, "வெல்லாகோவில்," என்றார் மெல்ல. மூன்று அவுட்டில் இன்னும் ஒன்றுதான் பாக்கி. அவன் வீடு வந்தால் ஆட்டம் சமன். அடிக்கிறவனும் சேர்ந்து வந்துவிட்டால் வெற்றி.

கடைசி ஆள் வந்தான். என் வீட்டுக்காரர் மடியில் புள்ளிகள் விழுந்துகொண்டே இருந்தன. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். எத்தனையோ வருஷமாகப் பார்த்த முகம். லைனில் வசூல் இல்லாமல் வந்த நாட்களில் வாசலில் செருப்பைக் கழற்றும்போது எப்படி இருக்குமோ அப்படி ஆயிற்று. போனைக் கவிழ்த்து மடியில் வைத்தார். அவ்வளவுதான், முடிந்துவிட்டது. வெள்ளகோவிலில் நின்றவன் அங்கேயே நின்றுவிட்டான்.

ஆனால் அது இங்கேதான். அங்கே, அந்த ஆஸ்பத்திரி அறையில், இன்னும் அரை நிமிஷத்துக்கு அந்தப் பையன் மட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். மாப்பிள்ளை நாற்காலி நுனிக்கு வந்திருந்தார். லேப்டாப்பிலிருந்து கூட்டத்தின் இரைச்சல் கேட்டது. சின்னதையே கொடுக்காத சாமி பெரியதை எப்படிக் கொடுக்கும் என்ற நினைப்பு வந்துவிட்டது. அதை விரட்ட வேண்டும், முகத்தில் எதுவும் தெரியக்கூடாது. எனக்குத் தெரிந்த ஒரே வழியைச் செய்தேன்.

"சம்பந்தியம்மா, சாப்டீங்களா?"

அவர் லேப்டாப்பைப் பார்க்கவே இல்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கேட்டதும் மெதுவாகச் சிரித்தார். குழாய் சொருகியிருந்த கையைத் தூக்கி, ஒரு விரலை உதட்டின் மேல் வைத்தார். பிறகு கண்ணால் மகனைக் காட்டினார்.

அவருக்குத் தெரிந்திருந்தது. என்னோடு சேர்ந்து அவருக்கும் தெரிந்திருந்தது.

அந்த நேரம் பார்த்து அங்கே பந்து மட்டையில் பட்ட சத்தம் கேட்டது. கூட்டம் முழுக்க எழுந்த சத்தம். மாப்பிள்ளை இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு குதித்தார். "போ, போ, போ" என்று பந்தை விரட்டினார். அத்தனை உயரத்தில் போயிருக்க வேண்டும் அது. நானும் சம்பந்தியம்மாவும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கைக்குழந்தை தூக்கத்தில் சிரிக்கும்போது எழுப்பாமல் பார்ப்போமே, அப்படி. யாரும் எழுப்பவில்லை. பிறகு கூட்டத்தின் சத்தம் அப்படியே விழுந்தது. எல்லைச் சுவரோரம் எவனோ பிடித்துவிட்டான். மாப்பிள்ளையின் கை இறங்கியது. இறங்கியதும் அவர் முதலில் திரும்பிப் பார்த்தது தன் அம்மாவின் முகத்தைத்தான்.

அந்த முகம் தயாராக இருந்தது. "அடுத்த வருஷம்," என்றார் சம்பந்தியம்மா, ஒன்றுமே ஆகாததுபோல. மகனின் தலையைப் பிடித்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். "அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்."

கொஞ்ச நேரத்தில் மகள் வந்து மாப்பிள்ளையைக் காபி குடிக்க வெளியே கூட்டிக்கொண்டு போனாள். அறையில் அவர் மட்டும். இங்கே நாங்கள் இருவர், பின்னால் மாவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் மெல்ல எழுந்து போனைச் சட்டைப் பையில் போடப் பார்த்தார்.

"இனி மறைக்க வேண்டாம்," என்றார் சம்பந்தியம்மா. "ஆரம்பத்திலிருந்தே தெரியும். அவர் கண் மேசைக்குக் கீழே போகும். உடனே நீங்கள் அவரைத் திட்டினால் நாம் ரன் எடுத்துவிட்டோம். நீங்கள் 'சாப்டீங்களா' என்று கேட்டால் ஏதோ கெட்டது. இந்த சீசன் முழுக்க நான் ஆட்டத்தைப் பார்க்கவில்லை, உங்களைத்தான் பார்த்தேன்."

எனக்கு வெட்கமாகிவிட்டது. "சொல்லியிருக்கலாமே," என்றேன்.

"சொன்னால் நிறுத்தியிருப்பீர்கள். எனக்கு அது வேண்டியிருந்தது. அவனுக்கு அப்பா போனதிலிருந்து எது நடந்தாலும் முதலில் என் முகத்தைத்தான் பார்ப்பான். இந்த அரை நிமிஷம் முன்னாலேயே கிடைத்ததால் ஒவ்வொரு தடவையும் அவன் திரும்புவதற்குள் முகத்தைச் சரி செய்துகொள்ள முடிந்தது. இத்தனை வருஷத்தில் யாரும் எனக்கு அப்படி ஒரு உதவி செய்ததில்லை."

நான் அழுதேன். மறைக்கவில்லை. அவரும் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கண்ணைத் துடைத்தார். தனக்குப் பயமாக இருக்கிறது என்று அப்போதுதான் முதல் முறையாகச் சொன்னார். பையனிடம் சொல்ல முடியாது, உங்களிடம் சொல்லலாம் என்று தோன்றியது என்றார். எனக்கும் பயமாக இருக்கிறது என்றேன். இரண்டு பேரும் ஒப்புக்கொண்டதும் கொஞ்சம் மூச்சு விட முடிந்தது.

விடைபெறும்போது அவர் இங்கிலீஷில் "குட்பை" சொல்லப் போனார். நான் விடவில்லை. எங்கள் ஊரில் "போறேன்" என்று யாரும் சொல்ல மாட்டோம், "போயிட்டு வாரேன்" என்றுதான் சொல்ல வேண்டும் என்றேன். இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்தார். வாயில் நுழையவில்லை. கடைசியில், "அடுத்த வருஷம்," என்றார். அதுவும் சரிதான் என்று விட்டுவிட்டேன். மாவிளக்கு மலையேறும் வரை உட்கார்ந்திருந்து, அதன்பின் அந்த மாவைப் பிட்டுத் தின்றேன்.

ஆபரேஷன் அங்கே திங்கட்கிழமை மதியத்துக்கு மேல். முடிய இங்கே செவ்வாய்க்கிழமை விடிந்துவிடும் என்றாள் மகள். இரவு தூங்கினேன் என்று சொல்ல மாட்டேன். காலையில் எழுந்து வாசல் கழுவிக் கோலம் போட்டேன். செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினேன். வழக்கமாக ஆட்டம் ஆரம்பிக்கும் நேரத்துக்கு, சொம்பில் சாய்த்து வைத்திருந்த டேப்லெட் அடித்தது.

நாங்கள் இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"நீ எடு," என்றார்.

"நீங்க எடுங்க."

"என்ற கை ஈரம் அம்மணி."

ஈரமே இல்லை. மணி அடித்து நின்றது. மறுபடி அடித்தது. அதுவும் நின்றது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்காமல் நின்றோம். மூன்றாவது தடவை நான் பச்சைப் பொத்தானைத் தொட்டேன். தொட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். மகள் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. காதை மட்டும் கொடுத்தேன். "அம்மா, சாப்டியா" என்று மட்டும் கேட்டுவிடாதே கண்ணு, என்று உள்ளுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

"ஏம்மா, ரெண்டு பேரும் எங்க போய்த் தொலைஞ்சீங்க? எத்தனை தடவை அடிக்கறது? பக்கத்துலயே வெச்சுக்கிட்டு உக்காருங்கன்னு நேத்து படிச்சுப் படிச்சுச் சொன்னேனா இல்லையா? அப்பா எங்க? அவருக்குக் காதுல என்ன பஞ்சா?"

நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவள் நிறுத்தவில்லை. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, அத்தை மயக்கத்தில்தான் இருக்கிறார், டாக்டர் சிரித்துக்கொண்டு வந்தார் என்பதையெல்லாம்கூடத் திட்டின கையோடுதான் சொன்னாள். அதைச் சொல்லி முடித்துவிட்டு, நான் கீழே உட்கார்ந்ததற்கு வேறு தனியாகத் திட்டினாள்.

"திட்டு கண்ணு," என்றேன். "இன்னும் கொஞ்சம் திட்டு."

என் வீட்டுக்காரர் பூஜை அலமாரிக்குப் பக்கத்தில் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றிருந்தார். காதைப் பொத்திக்கொண்டிருந்ததால் அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. கூப்பிடலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் அவரே மெல்லத் திரும்பினார். திரும்பியதும் அவர் பார்த்தது டேப்லெட்டை இல்லை, என் முகத்தை.

"அங்க என்னத்துக்குங்க மரமாட்டம் நிக்கறீங்க?" என்று கத்தினேன். "இங்க வாங்க."

அவர் அழ ஆரம்பித்தார்.